தூக்க முடியாத மேசை

12-6-83, ஞாயிறு
காலையிலேயே அனல் காற்று. கரண்ட் இல்லை. பரவாயில்லை, இன்றைக்கு எல்லாம் கை ரம்பம்தான்.

அப்பா சந்தவாசலுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். வருவதற்குள் தறியை அறுத்துவிட வேண்டும். போன மாதம் குடித்துவிட்டு வந்து, தறியில் நெய்துகொண்டிருந்த பட்டுப் பாவு நூலை அவரே அரிவாளால் வெட்டினார். பட்டு கொடுத்த முதலாளி ஆள் அனுப்பி மிச்ச நூலைச் சுருட்டிக்கொண்டார். அன்றிலிருந்து தறி வெறும் கட்டை.

முக்காலி, பெஞ்சு, மடக்கு மேசை, வீட்டில் எது இருந்தாலும் தூக்கி அடிப்பார். முக்காலி பட்டு முறிந்த அம்மாவின் மணிக்கட்டு இன்னும் கோணல். அதனால் யாரும் தூக்க முடியாத மேசை. இரும்புச் சட்டம், தறிக்கட்டைப் பலகை. நாலு காலையும், நெய்கிறவர் கால் வைக்கிற தறிக்குழியில் இறக்கி, ஜல்லி போட்டு சிமெண்ட். அப்புறம் உதைக்கட்டும்.

வாங்க: போல்ட், வாஷர், உப்புத்தாள், சிமெண்ட்.

15-6, புதன்
நான் வேலை செய்யும் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் ஆங்கிள் இரும்பு வெட்டி வெல்டிங் வைத்தேன். மேஸ்திரி கேட்டார், "இன்னாடா, யானை கட்டவா?" எங்கப்பாவுக்கு என்றேன். சிரித்தார். பொறி பட்டு ஒரு கண் எரிச்சல்.

கால்களைக் குழியில் நிறுத்தியாயிற்று. பலகையும் முடுக்கியாயிற்று. சட்டத்தின் மூலைகள் கத்தி மாதிரி இருக்கின்றன. அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா பலகையைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது. அவரு வந்தா இன்னா ஆவப்போவுதோ."

18-6, சனி
மாலை வந்தார். நல்ல போதை.

"என் தறி எங்கடா?"

உதைத்தார். மேசை அசையவில்லை. மறுபடியும் உதைத்ததில் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குனிந்து தூக்கப் பார்த்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. "அத்த தூக்க முடியாதுப்பா" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவரால் தூக்க முடிந்தது அம்மா ஒருத்தியைத்தான். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மேசை மேல் அடித்தார். நெற்றியில் மூலை ஏறியது. நான் தேய்க்காமல் விட்ட மூலை.

சம்மட்டியை எப்போது எடுத்தேன், ஞாபகம் இல்லை. அப்பா மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார். மேலே அடித்தேன். அவர் மண்டை என்று நினைத்தே அடித்தேன். பலகை பிளக்கவில்லை. சட்டம் வளையவில்லை. அத்தனை கெட்டியாகச் செய்து வைத்திருக்கிறேன். அம்மா ரத்தத்தோடு என் காலைக் கட்டிக்கொண்டாள். "வுட்றா, போதும், வுட்றா."

ஆஸ்பத்திரியில் தையல். நர்ஸ் கேட்டதற்கு, "மேசைல இட்சிகினேன்மா" என்றாள்.

19-6, ஞாயிறு
வெயில். காலையில் நாலு மூலையும் அரம் போட்டுத் தேய்த்தேன். பலகை இடுக்கில் காய்ந்து கிடந்ததையும் சுரண்டினேன்.

அப்பா அதே மேசையில் தட்டை வைத்து, நின்றபடி சாப்பிட்டார். கண் முழுக்க சம்மட்டி மேல். இனிமேல் அம்மா மேல் கை வைக்க மாட்டார், பயந்துவிட்டார் என்று தெம்பாக இருந்தது.

அம்மா எனக்குச் சோறு போட வந்தாள். கட்டு நனைந்திருக்கிறதா பார்க்கலாம் என்று நெற்றிப் பக்கம் கையை நீட்டினேன். கோணல் மணிக்கட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.