ஆத்தாளுக்குப் போட்ட கூரை

பவ வருஷம் (1874), ஆனி 9

கண்டி டவுனில் வாடகைக்கு அறை கிடையாது. காலி அறைகளெல்லாம் கோப்பிக்கொட்டை மூட்டைக்குப் போய்விட்டன. கோப்பி நனைந்தால் கெட்டுவிடும். ஆள் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் அவற்றுக்குக் குறி போடுவதுதான் என் வேலை. குடியிருப்பது கட்டுகஸ்தோட்டை ஆற்றோரம், ராசாங்கக் காணியில் ஒரு குடிசை.

இன்று ஊர்த்தலைவர் ஆராச்சி, ராசாங்கக் கச்சேரி உத்தரவோடு வந்து, எல்லாரையும் இடத்தைவிட்டு எழும்பச் சொன்னார். எங்கே போவது என்று கேட்டேன். அது தன் வேலை இல்லை என்றார். என் மனைவி கமலத்துக்கு இது நிறைமாதம்.

ஆனி 11

பக்கத்துக் குடிசைப் பொன்னையாவுக்கு ஒரு யோசனை. "கோயில்னா துரைமாரு கை வைக்கமாட்டாங்க. மாரியாத்தான்னு ஒரு கல்ல வச்சிருவோம்." ஆற்றில் கல்லுக்கா பஞ்சம்?

ஆனி 15

கோயில் முடிந்தது. நல்ல மரம், நல்ல புல் எல்லாம் அதற்கே போயிற்று. எங்கள் கூரையைத் தாங்கிய முகட்டு வளையையும் கொடுத்துவிட்டேன். கமலம் ஒழுகிய இடத்தில் சட்டியை வைத்தாள்.

ஆனி 20

ஆராச்சி ஆட்களோடு வந்தார். முதலில் ஆத்தாளைக் கும்பிட்டார். பிறகு குடிசைகளை எல்லாம் பிரித்துப்போட்டார்கள். கோயிலைத் தொடவில்லை. பொன்னையா சொன்னது சரிதான்.

ஆனி 21

மழை. மரத்தடியில் கமலத்துக்கு வலி எடுத்துவிட்டது. கோயிலுக்குள் கொண்டுபோகப் பார்த்தேன். பொன்னையா மறித்தார். "பிள்ளைத் தீட்டுங்க. ஆத்தா சும்மா விடமாட்டா."

யோவ், என் வீட்டு வளைய்யா அது! கத்தினேன். என்ன மனுசங்க இவங்க? அவளுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?

கமலம்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அப்ப ஆத்தாள வெளிய வைங்க. ஆத்துல கெடந்தவதானே, நனைஞ்சா என்ன?"

பொன்னையாவே கல்லைத் தூக்கி வெளியே வைத்தார்.

ஆனி 22

பெண். தாயும் பிள்ளையும் நனையாமல் இருக்கிறார்கள்.

ஆனி 28

ஆராச்சி மறுபடி வந்தார். உள்ளே பிள்ளை அழுதது.

"இது வீடா?"

"கோயிலுங்க."

"சாமி ஏன் வெளியே?"

"காத்தாட இருக்கட்டும்னுங்க."

மழை பெய்துகொண்டிருந்தது. கதவுப் படலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கல்லைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆவணி 6

ஆற்றோரத்தில் குடிசை ஒன்றும் இல்லை என்று ஆராச்சி கச்சேரியில் சொல்லிவிட்டாராம். உண்மைதான். திரும்பக் கட்டியதெல்லாம் கோயில். வாசலுக்கு ஒரு கல், மழையில் நனைந்துகொண்டிருக்கிறது.