அரைக் கட்டை கீழே

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கோயில் மாடியில் ஆர்கனுக்குப் பக்கத்திலேயே ஒழுகல். வாளி வைத்தாயிற்று. ஃபாதரிடம் சொல்ல வேண்டும் (மூன்றாவது முறை).

பையன்கள் கொயர் பயிற்சி. பதினான்கு பேரும் ஆஜர். தனிப்பாட்டில் மேலே ஏறும் இடத்தில் ஜெரோமின் குரல் பிசிறியது. பதின்மூன்று வயது, வேறென்ன. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் இருமி வைத்தேன்.

இந்தக் கொயரில் அந்தக் காலத்திலிருந்தே ஒரு வழக்கம். குரல் உடைந்தால் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது, பையனே வந்து சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, தனிப்பாட்டுக்கான நீலக் கழுத்துப்பட்டியை அடுத்தவனுக்குத் தானே கட்டிவிட வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் இவன் எப்படிச் சொல்வான்? 21ஆம் தேதி திருவிழா. இவன் பாட்டைக் கேட்க அப்பா சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வருகிறார்.

13, சனி

வெயில். அங்கிகள் இஸ்திரி. இரண்டுக்குப் பித்தான் இல்லை. இந்தப் பையன்கள் பித்தானைத் தின்கிறார்களா?

ஜெரோமும் அம்மா ஸ்டெல்லாவும் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவானிலிருந்து வந்துசேர முக்கால் மணி நேரம் தாமதம். "பாலத்துல ஒரே ஜாம்லா, ஆன்ட்டி. இவன் கார்லயே பாடிப் பாடிப் பாத்துக்கிட்டு வர்றான்."

தெரிந்தே செய்தேன். ஆர்கனில் சுருதியை அரைக் கட்டை இறக்கி வாசித்தேன். பிசிறவில்லை. அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பு! செல்லக் கழுதை.

16, செவ்வாய்

பொது விடுமுறை, காலையிலேயே பயிற்சி. இன்னும் அரைக் கட்டை இறக்கினேன். அஷ்வின், ஒன்பது வயது, கை தூக்கினான். "ஆன்ட்டி, கீழ எட்டல. வயித்துக்குள்ள போயிருது." அதட்டி உட்கார வைத்தேன். அவன் சொன்னது சரி. ஒருவனுக்காகப் பதின்மூன்று பேரைக் கெடுக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நிறுத்தவும் மனமில்லை.

தலைவலி மாத்திரை. பித்தான். மறுபடி மறந்தேன்.

20, சனி

கடைசிப் பயிற்சி. எல்லோரும் கீழே ஓடிய பிறகும் ஜெரோம் மட்டும் நின்றான்.

"ஆன்ட்டி, நீங்க இறக்கி வாசிக்கிறீங்க. எனக்குத் தெரியும்."

"என்னத்தடா தெரியும் உனக்கு?"

"பழைய இடத்துக்கே ஏத்துங்க. எனக்கு வரல. அஷ்வின் பாடட்டும், அவனுக்கு எல்லாம் மனப்பாடம்."

இத்தனை வயதில் எனக்கு வராத தைரியம். அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினான், இல்லை. "நான் எதாவது சொல்லிச் சமாளிக்கட்டுமா?" பாட்டுத் தாள்களை அடுக்கி வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான். வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு.

21, ஞாயிறு

மேகமூட்டம். கோயில் நிறைந்த கூட்டம். பூசைக்கு முன்னால் அஷ்வின் கழுத்தில் பட்டியைக் கட்டிவிட்டான் ஜெரோம். இறுக்கிக் கட்டி, பிறகு தளர்த்தி. பிறகு இசைப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பிக் கொடுக்க என்னருகே வந்து நின்றான். பழைய இடத்திலேயே வாசித்தேன். அஷ்வின் குரல் மேலே ஏறியபோது ஜெரோம் என் தோளைப் பிடித்துக்கொண்டான். சின்னவன் தப்பில்லாமல் போய்ச் சேர்ந்தான். அப்பாடா.

பூசை முடிந்ததும் ஜெரோமின் அப்பா மாடிப்படி ஏறி வந்தார், கையில் போன்.

"என்ன ஆன்ட்டி, வீடியோ எடுக்கலாம்னு இருந்தேன். எம் பையன் பாடவே இல்லியே?"

"சளி" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"குரல் உடைஞ்சிருச்சுப்பா," என்றான் ஜெரோம். அந்த ஒரு வரிக்குள்ளேயே இரண்டு தடவை உடைந்தது.

அவர் அவனையே பார்த்தார். பிறகு போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"எங்க, இன்னொரு தடவ சொல்லு. உன் குரலக் கேக்கத்தானே வந்தேன்."