அந்த நான்கு நாள் அது வாப்பா வீடு இல்லை

எஸ்ஸவிரா
ஜூன் 6, ஞாயிறு

அன்பு மகள் கிஸ்லானுக்கு உம்மா ருக்கையா சொல்லச் சொல்ல உன் தங்கை இப்திசாம் எழுதுவது. படைத்தவன் கருணையால் இங்கே மூவரும் நலம், காற்று மட்டும் இந்த ஆண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டது, அதற்கு யாரிடமும் மருந்து இல்லை. டாஞ்சியரில் நீ நலமா, மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கியது வற்றிவிட்டதா என்று எழுது. இப்திசாமின் பள்ளி முகவரிக்கு நீ அனுப்பிய கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. வாப்பா படுத்த பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இவள் எழுதுகிறாள். படியில் சிறு சத்தம் கேட்டாலும் தாளைக் கணக்குப் புத்தகத்துக்குள் செருகிவிடுகிறாள், ஆகவே எழுத்து அங்கங்கே கோணிப்போயிருந்தால் பொறுத்துக்கொள். தொலைபேசியில் பேசியிருக்கலாமே என்பாய். தொலைபேசிக் கடைக்காரர் உன் வாப்பாவோடு தினமும் சீட்டாடுகிறவர், நான் பேசி முடித்து வீடு வந்து சேர்வதற்குள் என் பேச்சு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். இசை விழாவில் உங்கள் குழுவுக்குச் சனிக்கிழமை மேடை கிடைத்திருக்கிறது, விழாக்காரர்கள் நான்கு பேருக்குத்தான் அறை தருகிறார்கள், ஒன்பது பேர் வருகிறோம், எங்கே தங்குவது, எப்படி வந்து சேர்வது, ஒரு தடவையாவது உங்களைப் பார்க்க முடியுமா என்று மூன்று கேள்வி கேட்டிருந்தாய். மூன்றுக்கும் சேர்த்து ஒரு பதில் வைத்திருக்கிறேன். ஒன்பது பேரும் நம் வீட்டிலேயே தங்குங்கள். பதறாமல் கடைசி வரை படி. இரண்டு ஆண்டுக்கு முன் உன் வாப்பா சொன்னதை நான் மறக்கவில்லை. "ஆம்பளைங்களே வருஷக்கணக்கா ஆசான் காலடியில கெடந்து கத்துக்கிற வாத்தியம் அது. இவ கெம்ப்ரியத் தோள்ல மாட்டிக்கிட்டு ஊர் ஊராப் போவாளாம். அதக் கீழ வைக்கிற வரைக்கும் என் வீட்டுப் படிய மிதிக்கக் கூடாது" என்றார். என் வீட்டுப் படி என்றுதான் சொன்னார். விழா நடக்கிற நான்கு நாளும் இந்த ஊரில் யாருக்குச் சொந்த வீடு இருக்கிறது? எல்லோரும் விழாவுக்கு வந்தவர்களிடம் வாடகைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு மொட்டை மாடியிலும் மாமியார் வீட்டிலும் முடங்கிக் கிடக்கிறார்கள். உன் வாப்பா இதில் எல்லோரையும்விடக் கறார். சாவியைக் கொடுத்துவிட்டால் ஞாயிறு மாலை வரை அது அவர்கள் வீடு, நாம் அயலார் என்பார். போன ஆண்டு முகம் மழிக்கிற கத்தியை உள்ளே மறந்துவிட்டு, விருந்தாளிகள் தூங்குகிறார்கள் என்று மூன்று நாள் தாடியோடு மீன் ஏலத்துக்குப் போனவர். நான் போய் எடுத்து வருகிறேன் என்றதற்கு, "அடுத்தவங்க வீட்டுக்குள்ள நொழைவியா, வெக்கமா இல்ல?" என்று என்னைத் திட்டினார். ஆகவே அந்த நான்கு நாள் அது உன் வாப்பா வீடு இல்லை. நீ மிதிக்கப்போவது உங்கள் ஆசான் இயாத் அவர்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் படி. வாப்பா சொல்லும் மீறப்படவில்லை, நீயும் என் சமையலறையில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாய். எனக்கு அது போதும்.

பேச்சை எல்லாம் பக்கத்து வீட்டு முபாரக்கா மாமி முடித்துவிட்டாள். டாஞ்சியரிலிருந்து ஒரு குழு, ஒன்பது பேர், நடுவயது ஆசான் ஒருவர் பொறுப்பு என்று மட்டும் வாப்பாவிடம் சொன்னாள். அவருக்கு ஒரே பெருமை. பேருந்து நிலையத்தில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு ஆள் பிடிக்கப் போகும் லஹ்சனைத் தெருவில் நிறுத்தி, "நீ கை வலிக்க ஆட்டிக்கிட்டே நில்லு தம்பி. எனக்கு டாஞ்சியர்லேருந்து ஆளு வீடு தேடி வராங்க" என்றாராம். லஹ்சன் விடுவானா. "டாஞ்சியர்க்காரங்களா? காலைல எந்திரிச்சு உங்க கதவு இருக்கான்னு எண்ணிப் பாருங்க சித்தப்பா" என்றானாம். இதை மாமி வந்து சொல்லும்போது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

பயணத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 16ஆம் தேதி புதன்கிழமை இரவு ரயிலில் மர்ரகேஷ் வரை. இரும்புச் சப்ளாக்கட்டைகளைப் போர்வையில் சுற்றிப் பையின் அடியில் போடுங்கள், இல்லாவிட்டால் இரவு முழுக்கப் பெட்டியில் இருப்பவர்களின் சாபம் விழும். கெம்ப்ரியின் தோல் வெயிலில் விறைத்துப்போகும் என்று நீதான் ஒரு முறை சொன்னாய், ஜன்னல் பக்கம் வைக்காதே. மர்ரகேஷிலிருந்து பேருந்து வேண்டாம். வாப்பாவுக்கு இந்த ஆண்டு நிலையத்தில் வேலை இல்லை, ஆனாலும் லஹ்சனைக் கேலி செய்வதற்காகவே போய் நிற்பார். ஒரு பெரிய டாக்சியில் ஆறு பேரை அடைப்பார்கள், நீங்கள் இரண்டு எடுத்தால் சாமான்களோடு கால் நீட்டி வரலாம், வெளி ஆள் யாரையும் ஏற்றக் கூடாது என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். முதல் டாக்சியில் ஆசானும் ஆண்களில் நான்கு பேரும் வரட்டும். அவர் மாமியிடம் சாவியை வாங்கிக் கதவைத் திறந்த பிறகு, நீயும் உங்கள் குழுவில் பாடுகிற அந்தப் பெண்ணும் மீதி இருவரோடு இரண்டாவது டாக்சியில் கோட்டை வாசலில் வந்து இறங்குங்கள். வாசலில் தள்ளுவண்டிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். நம் தெருக்காரன் ஒருவன் அவர்களில் இருக்கிறான், அவனை விட்டுவிட்டு வேறு ஆளிடம் சாமானைக் கொடு. மாமி தன் வெள்ளைப் போர்வையை டாக்சி நிற்கும் இடத்துக்கே கொடுத்தனுப்புவாள். கண் மட்டும் தெரிய நன்றாகப் போர்த்திக்கொள், வேகமாக நடக்காதே. உன்னைப்போல் கையை வீசி நடக்கிற பெண் இந்த ஊரில் இன்னொருத்தி இல்லை.

உள்ளே வந்த பிறகுதான் எனக்குக் கவலை. நீ அந்த வீட்டுக்குப் புதியவள் என்பதை மறந்துவிடாதே. குளியலறைத் தாழ்ப்பாளைத் தூக்கி இடப்பக்கம் தள்ளினால்தான் திறக்கும், உனக்குத் தெரியும், ஆனால் நீ திறந்து காட்டாதே, ஆசான் கொஞ்சம் மல்லுக்கட்டட்டும், பிறகு மாமியைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். சீனி டப்பா இருக்கும் இடத்தைத் தேடு, நேராகப் போய் எடுக்காதே. உடைந்த மூன்றாவது படியைத் தெரிந்தவள்போல் இருட்டில் தாண்டாதே, பகலில் பார்த்த பிறகு தாண்டு. எங்கள் மூவருக்கும் மாமி வீட்டு மாடியில் இடம், இரண்டு மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான், நீ பேசினால் குரல் இங்கே கேட்கும், ஆகவே முற்றத்தில் சத்தமாகப் பேசாதே. ஆண்களுக்குக் கூடத்தில் மெத்தை போட்டுவைப்பேன், உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் சமையலறையை ஒட்டிய சின்ன அறை. வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் மாமி பெயரில் வரும், கை யாருடையது என்று வாயில் வைத்ததும் உனக்குத் தெரியும். வாப்பா தொழுகைக்குப் போன நேரத்தில் தட்டை வாங்கிப்போக நானே வருவேன். கால் மணி நேரம் இருப்பேன். அழக் கூடாது, கண் சிவந்தால் அவர் கேட்பார்.

உங்கள் மேடைக்கு நான் வர முடியாது. நீ வாசிப்பதை மாமி வீட்டு மாடியிலிருந்து, காற்று எந்த அளவுக்குக் கொண்டுவருகிறதோ அந்த அளவுக்குக் கேட்பேன். இவளுக்குத் தூக்கம் வருகிறது, மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூன் 10, வியாழன்

அக்கா, இது உம்மா சொல்லி எழுதுவது அல்ல, நான் இப்திசாம். உம்மா தூங்கிவிட்டாள். கடிதத்தை அனுப்பாமல் நான்கு நாள் வைத்திருந்தேன், ஏனென்று சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு புதிதாக ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள், தங்குகிறவர்களின் பெயர், அடையாள அட்டை எண், தகப்பன் பெயர் எல்லாம் எழுதி வட்டார அதிகாரியிடம் முத்திரை வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்ட வேண்டும். திங்கட்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்ததும் வாப்பா அதை என் முன்னால் வைத்து, "ஒன் எழுத்துதான் முத்து முத்தா இருக்கும். மாமிகிட்ட விவரம் வாங்கி எழுதி வை, நாளைக்கு நான் கொண்டுபோறேன்" என்றார். உங்கள் ஆசான் தொலைபேசியில் சொன்ன விவரங்களை மாமி ஒரு துண்டுத் தாளில் குறித்துவைத்திருந்தாள். ஒன்பதாவது ஆள் நீ. உன் பெயரை விட்டுவிடு, எட்டுப் பேர் என்று எழுது என்று உம்மா சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தியின் வீட்டில் போன விழாவின்போது அதிகாரியிடம் வாயால் சொன்ன எண்ணிக்கையைவிட ஒரு தலை கூடுதலாக இருந்தது என்று விருந்தாளிகள் எல்லோரையும் சாமானோடு தெருவில் இறக்கிவிட்டார்கள். உனக்கு அப்படி ஆனால், தெரு முழுக்கப் பார்க்கும், வாப்பாவும் பார்ப்பார். உம்மா என்னை முறைத்துவிட்டு, "அப்போ ஒனக்குத் தோணுறத எழுது, எனக்கா படிக்கத் தெரியும்?" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்டுப் பேரையும் நன்றாகவே எழுதினேன். ஐந்தாவது வரியில் ஹம்மூ என்கிறவருக்குத் தகப்பன் யாரென்று தெரியாது என்று மாமியின் தாளில் இருந்தது, அதனால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். ஒன்பதாவது வரியில் உன் பெயரையும் அட்டை எண்ணையும் எழுதினேன், குடும்பப் பெயரை மட்டும் குறுக்கிக் கிறுக்கினேன். அடுத்து, தகப்பன் பெயர்க் கட்டத்துக்குப் பேனா போகவில்லை. கோடு போடவும் கை வரவில்லை. அதை வெறுமனே விட்டுவிட்டுத் தாளை மடித்து வைத்தேன். வாப்பா பிரித்துப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செவ்வாய் போனது, புதன் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாடப் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன், பள்ளியில் ஆசிரியை கேட்ட கேள்வி காதில் விழவில்லை. இன்று சாயங்காலம் தாளைக் கொண்டுவந்து உம்மா கையில் கொடுத்து, "முத்திர விழுந்திருச்சு, மாட்டு" என்று சொல்லிவிட்டு மீன் நாற்றம் போகக் கை கழுவப் போய்விட்டார். உம்மா அதை ஆணியில் மாட்டினாள். அவர் வெளியே போன பிறகுதான் நான் கிட்டே போய்ப் படித்தேன்.

ஒன்பதாவது வரியில் அந்தக் கட்டம் வெறுமையாக இல்லை. பூஜெமா என்று வாப்பாவின் பெயர் எழுதியிருக்கிறது. ஏலக் கொட்டகையில் மீன் பெட்டிகளின்மேல் அவர் எழுதுவாரே, அதே பெரிய எழுத்து, கட்டத்துக்குள் அடங்காமல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. அதிகாரி கேட்டதால் எழுதியிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஐந்தாவது வரியில் கோடுதான் இருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் முத்திரை விழுந்திருக்கிறது. அவரும் ஒரு கோடு போட்டிருக்கலாம்.

உம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் தாளின் மேல் விரலை வைத்து, "இதுவா, இதுக்குப் பக்கத்துலயா?" என்று கேட்டாள். இதுதான் என்று அவள் விரலை நகர்த்தி வைத்தேன். மை எப்போதோ காய்ந்திருக்கும், ஆனாலும் அவள் அழுத்தாமல்தான் தொட்டாள். இரவுச் சாப்பாட்டில் வாப்பா மத்தி மீனில் உப்பு குறைவு என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது அக்கா. பயண ஏற்பாட்டில் எதையாவது மாற்றி எழுதவா என்று உம்மாவிடம் கேட்டேன். ஒன்றையும் மாற்ற வேண்டாம், அவர் வாயால் சொல்லாததை நாம் சொன்னதாக வைத்துக்கொள்ளக் கூடாது என்றாள். தூங்கப் போகுமுன் கடிதத்தின் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள், அதை அப்படியே எழுதுகிறேன்.

மகளே, நீ வரும் வழி நேராக இருக்கட்டும், உன் விரல்களுக்கு வலு கிடைக்கட்டும், உன்னைப் பார்க்கிற கண்ணெல்லாம் நல்ல கண்ணாக இருக்கட்டும், போகும்போது கொண்டுவந்ததைவிட லேசான மனதோடு திரும்பிப் போ. அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுவா, நகல் எடுத்து வராதே, அசலையே கொண்டுவா. யாராவது கதவைத் தட்டித் தலை எண்ணினால், நீ ஒளிய வேண்டாம். அட்டையை எடுத்து நீட்டு. அதில் இருக்கும் தகப்பன் பெயர்தான் கதவுக்குப் பின்னாலும் இருக்கிறது.

உன் உம்மா
ருக்கையா
(எழுதியது இப்திசாம்)