ஜன்னலோர இருக்கை

2008 ஜூன் 10, செவ்வாய்

எங்கள் பாடசாலையில் போன மாதம் ஓய்வு பெற்ற மலர் ரீச்சருக்கு இன்று ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். பாரிஸிலிருந்து சூரிச், அங்கிருந்து மிலான், பிறகு ரோம். பாரிஸில் இருக்கும் மகளுக்கு லீவு இல்லையாம், தனியாகவே சுற்றப் போகிறார். இன்டர்நெட் தெரிந்தவள் நான்தானே, கணினி அறைக்கே தேடி வந்துவிட்டார்.

பெயர், வயது, திகதி. அவ்வளவுதான் அந்தத் தளம் கேட்டது. எதற்குப் போகிறீர்கள் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்குக் கொழும்புக்குப் போனபோது, கிராம சேவகர் தந்த அத்தாட்சிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று சோதனைச் சாவடியில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவள் நான்.

"சாந்தி, ஜன்னல் பக்கமாப் பாத்துப் போடும். மலையெல்லாம் பாக்கோணும்" என்று சொன்னவர், மகளின் போன் வரவும் வெளியே போனார்.

மலை பார்க்க சூரிச்சுக்கா போக வேண்டும்? இங்கே மஹய்யாவையில் என் வீட்டு வாசலில் நின்றால் போதாதா? மூன்று ரயிலிலும் நடைவழி இருக்கையை அழுத்தினேன்.

திரும்பி வந்தவர் அச்செடுத்த தாள்களைப் பார்க்காமலே பையில் வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உமக்குக் காட்ட எண்டே ஜன்னலால எல்லாத்தையும் படம் எடுத்துக்கொண்டு வாறன்."

"சரிங்க ரீச்சர்" என்றேன்.

பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இருக்கையை மாற்ற இரண்டு நிமிடம் போதும். நாளைக்கு முடியாது, எனக்கு முதல் பாடமே இருக்கிறது.