ஒரு வாரம் என்று சொன்னவன்

ஆகஸ்ட் 13, புதன்

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க மரக்காணம் பக்கத்து அகதி முகாமிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், யாழ்ப்பாணத்துக்காரர். டீ கொடுக்கப் போன என் மனைவி சும்மா இல்லாமல், “அங்க சொந்த வீடு இருக்குதா?” என்று கேட்டுவிட்டாள்.

“இருந்தது அக்கா. நான் சின்னப் பெடியனா இருக்கேக்க இந்திய ஆமி கேம்ப் போட எடுத்தது. ஒரு கிழமைக்குத்தான் எண்டு சொன்னவங்கள். அம்மா மாத்து உடுப்போட வெளிக்கிட்டவ. பிறகு இலங்கை ஆமி வந்தது. இண்டைக்கும் அவங்கள்தான் இருக்கிறாங்கள்.”

“ஒரு வாரம்னு சொன்னதும் நம்பிக்கினு வந்துட்டாங்களா?”

“சொன்னவன் தமிழன். உங்கட ஊர் ஆக்கள் மாதிரித்தான் கதைச்சவனாம். அதாலதான் அம்மா வீட்டுத் திறப்பையும் அவனிட்டக் குடுத்தவ.”

அப்போது இந்திய ராணுவத்தில் யாழ்ப்பாணம் போயிருந்த எங்கள் பிளட்டூனில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதிகாரி சொல்லச் சொன்ன அந்த ஒரு வாரத்தை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எத்தனை சாவி வாங்கினேன் என்று நினைவில்லை. மனைவிக்கு இதெல்லாம் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் எதிரில் நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது அவராகவே வந்து, “இன்னும் ஒரு கிழமை வேலை கிடக்கு ஐயா” என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன்.