நம் கடை ஷட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா தைலம் தேய்த்துவிடுகிறாளா, இல்லை திட்டு மட்டும்தானா? நான் சௌக்கியம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

கீழே ஆறு கடை, மேலே நாலு மாடி வீடு என்று நான் வரைந்துகொண்டிருந்த கட்டடத்தை நேற்று அதன் முதலாளிக்குக் காட்டினோம். நல்ல காற்று வருமென்று படுக்கையறைகளை எல்லாம் தெருப்பக்கம் வைத்திருந்தேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. கட்டிலுக்கு நேர் கீழே கடைகள்!

"சார், கொஞ்சம் இருங்க. நான்தான் தப்பு பண்ணிட்டேன். காலையில ஷட்டர் தூக்கினா மேல ஒருத்தரும் தூங்க முடியாது" என்றேன்.

"அவ்வளவு சத்தமாவா இருக்கும்?" என்றார்.

நம் மளிகைக்கடை ஷட்டரை வாயாலேயே தூக்கிக் காட்டினேன். கடகடகடவென்று ஆரம்பித்து, கடைசியில் நீங்கள் ஒரு தள்ளு தள்ளுவீர்களே, அந்த 'டமார்' வரைக்கும். எங்கள் மேலதிகாரி காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். முதலாளி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ரூமையெல்லாம் பின்பக்கம் திருப்பிடும்மா, அப்புறம் கையெழுத்து போடறேன்" என்றார். இருபது வருஷம் அந்தக் கடைக்கு மேலே படுத்தது வீண்போகவில்லை அப்பா!

ஒரு சின்ன உதவி. இங்கே என் அறை ரொம்ப அமைதி. அலாரம் அடித்தாலும் தூக்கம் கலைய மாட்டேன் என்கிறது. நாளைக்குக் கடை திறக்கும்போது அந்தச் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்புங்கள். அதன்பிறகு, "எழுந்திருடி கழுதை, மணி அஞ்சரை" என்று மாடியைப் பார்த்துக் கத்துவீர்களே, அதையும் சேர்த்து.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் கழுதை