சாம்பலில் விழுந்த சிம் கார்டு

லூகாங்,
மூன்றாம் மாதம், சனிக்கிழமை காலை

அன்பு மகள் பெய்ஷானுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் இங்கே சுகம். வின்னிபெக்கில் பனி உருகிற்றா, நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார், அதனால் கோயில் சமையலுக்குப் பட்டியல் போடுவதாகச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். கடல் காக்கும் நம் மாட்சு அம்மன் சிலையைப் பினாங்குக் கோயிலுக்கு அழைத்துப்போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டோம். விமானத்தில் அம்மனுக்கு ஜன்னலோர இருக்கை, எனக்குக் கழிப்பறை ஓரம். இருபத்தேழு வருடம் அம்மனுடைய பல்லக்கின் முன்தண்டை இடத்தோளில் சுமந்தவர் அப்பா. பக்கவாதம் வந்து விழுந்த பிறகு அவர் இல்லாமல் போன முதல் யாத்திரை இது. பேச்சும் உனக்குத் தெரியும், ஒரு நேரத்துக்கு ஒரு வார்த்தை, 'தண்ணி', 'போதும்', அவ்வளவுதான். நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு 'காட்டு' என்றார். அம்மன் அந்த ஊர்க் கோயிலுக்குள் நுழைவதைப் போனில் நேராகக் காட்ட வேண்டுமாம். காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ சொல்லித்தந்தபடியே இங்கத்து எண்ணில் ரோமிங் போடாமல், எட்டு நாள் சுற்றுலா சிம் கார்டு வாங்கினேன், ரோமிங் விலையில் பாதிகூட இல்லை. பக்கத்துப் போனுக்கும் இணைப்பைப் பகிர அனுமதி உண்டா என்று பார் என்றாயே, அதையும் கடைக்காரரிடம் மூன்று தடவை கேட்டேன். அடுக்களையில் என்னோடு வேலை செய்யும் ஆ-ஷியா அக்காவுக்கும் அதே கார்டு வாங்கிக் கொடுத்தேன். கோயில் தலைவர் லியாவ் சும்மா இருப்பாரா, "அண்ணி, மலிவா வாங்கினா சிக்னலும் நொண்டிக்கிட்டுத்தான் வரும், என் மகன் எனக்கு ரோமிங்கே போட்டுக் குடுத்துட்டான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ரோஷம் வந்துவிட்டது எனக்கு. புறப்படும் அன்று எல்லாரும் கழுத்தில் மாட்டும் காப்புப் பைகளைத் தூபக்கலசத்துக்கு மேலே மூன்று சுற்று சுற்றி எடுத்தோம் அல்லவா, நான் என் கார்டையும் பைக்குள் வைத்து, அம்மா, சிக்னல் குறையாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு நான்காவதாகவும் ஒரு சுற்று சுற்றினேன். பை வாய் திறந்து கார்டு கலசத்துச் சாம்பலுக்குள் விழுந்துவிட்டது. ஊதுபத்திக் குச்சியால் கிளறி எடுத்தேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பினாங்கில் இறங்கிப் போட்டால் கார்டே இல்லை என்கிறது போன். லியாவ் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மன்கிட்ட ரீசார்ஜ் கொஞ்சம் அதிகமாப் பண்ணிட்டீங்க போல" என்றார். சிரிக்காதவர்கள் ஆ-ஷியாவும் அம்மனும் மட்டும்தான்.

பெய்ஷான், அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆ-ஷியா போனிலிருந்து கூப்பிடலாம் என்றால் அப்பா என் முகம் தெரியாத அழைப்பை எடுப்பதே இல்லை, வேறு யாரிடமும் திக்கிப் பேச வெட்கம். லியாவின் ரோமிங்கோ, விமான நிலையத்தில் அவர் தன்னையே படம் பிடித்து அனுப்பியதில் அன்றைக்கு உள்ள டேட்டா தீர்ந்து, திரையில் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நீ சொன்ன பகிர்தல் நினைவுக்கு வந்தது. ஆ-ஷியாவின் போனில் நானே தேடி அதைத் திறந்தேன், என் போனில் கடவுச்சொல்லையும் நானே போட்டேன், யாரையும் கேட்கவில்லை. என் போனிலேயே அப்பாவைக் கூப்பிட்டேன், என் முகத்தைப் பார்த்ததும் எடுத்துவிட்டார். "நீ எங்க போனாலும் நான் ஒட்டிக்கிட்டே வர்றேன்டி, ஊர் நம்மள என்ன நெனச்சா என்ன" என்று ஆ-ஷியா போனை இடுப்புப் பையில் செருகிக்கொண்டு என் தோளை உரசியபடியே நடந்தாள். வெடிச் சத்தத்தில், அந்த வெயிலில், தெரு முழுக்க அப்படியே நடந்தோம். ஒரு தடவைகூடப் படம் நிற்கவில்லை.

கோயில் வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. எனக்குத் தெரியவில்லை, தூக்கியவர்களுக்கும் தெரியவில்லை. என் போனிலிருந்து ஒரு சத்தம், "இடப்பக்கம் தாழுது! தோள மாத்துங்கடா!" என்று. அப்பாதான், முழுசாக, ஒரே மூச்சில். நம் ஊர்ப் பையன்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பழகின குரலுக்குத் தோள் தானாக மாறியது, பல்லக்கு நிமிர்ந்தது. அம்மன் உள்ளே போனாள். லியாவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அண்ணி, அந்தக் கார்டு எந்தக் கடை?" என்றார். அறுபத்து நான்கு வயதில் எனக்கு இவ்வளவு கர்வம் வரலாமா என்று தெரியவில்லை, ஆனால் வந்துவிட்டது. அப்பாவை நினைத்தும், என்னை நினைத்தும், அங்கிருந்தே இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித்தந்த உன்னை நினைத்தும்.

இத்துடன் என் காப்புப் பையை அனுப்புகிறேன். கெட்டுப்போன கார்டும் அதற்குள்தான் இருக்கிறது, அம்மன் சாம்பல் பட்டதை எறிய மனமில்லை. சிரிக்காமல் மேசைக்கு மேலே மாட்டி வை. குளிருக்குக் காதை மூடிக்கொள், இரவுச் சாப்பாட்டை விடாதே, அம்மன் உன் கூடவே இருப்பாள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இது உன் கைக்கு வந்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னைக் கூப்பிடப் போகிறார், தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ஒரு வாக்கியம் பழகுகிறார், என்னைக் கேட்கவிடுவதில்லை. நீ போன புதிதில் நிமிடத்துக்கு இத்தனை என்று காசு ஓடும், "நல்லா இருக்கியா, சரி வை" என்று நாங்களே துண்டித்துவிடுவோம். இப்போது அந்த அவசரம் கிடையாது. அவர் பாதியில் நின்றாலும் நீ வார்த்தை எடுத்துக்கொடுக்காதே. எவ்வளவு நேரமானாலும் சரி, அவரே முடிக்கட்டும்.

உன் அம்மா,
சாய் யூயிங்